உச்சிப்புளி தாண்டி ஒரு கள்ளிச்செடி நர்சரி, போய்ட்டு வந்து எழுதுறேன்

ராம்நாட்ல இருந்து மண்டபம் போற ரோட்டுல, உச்சிப்புளி தாண்டி ஒரு அக்கா வச்சிருக்க நர்சரி, கள்ளிக்குன்னே தனி கொட்டகை. எனக்கு ரொம்ப புடிச்சது அவங்க வெளக்குற விதம்தான். "ரெண்டும் முள்ளா இருக்குன்னு சொந்தம்னு நெனைச்சுராதீங்க தம்பி"ன்னு சொல்லி நம்மூரு சதுரக்கள்ளியையும் மெக்சிகோ கேக்டஸையும் பக்கத்துல வச்சு காட்டுனாங்க. சதுரக்கள்ளிய லேசா கீறுனா பால் வருது (கண்ணுல படாம பாத்துக்கங்க, ஆபத்து), கேக்டஸ்ல முள்ளு பஞ்சு மாதிரி ஒரு திட்டுல இருந்து முளைக்குது, அதாவது வேற குடும்பம், வேற கண்டம், ஆனா வறட்சிய தாங்கித் தாங்கி தனித்தனியாவே ஒரே உருவத்துக்கு வந்துருக்கு, பாக்க பாக்க அவ்ளோ ஆச்சரியம்!

காட்டுல புடுங்குனதான்னு கேட்டேன், எல்லாம் விதை, கட்டிங்ல வளர்த்ததுன்னாங்க. இத கண்டிப்பா கேளுங்க, 2015ல ஐயுசிஎன் (உலக இயற்கை பாதுகாப்பு அமைப்பு) மதிப்பீட்டுல 1,478 கேக்டஸ் வகைல 31 சதவீதம் அழியுற ஆபத்துல இருந்துச்சு, செடிய திருடி விக்கிறதும் ஒரு பெரிய காரணம்.

கொறைன்னா தொட்டில களிமண் ஜாஸ்தி, ஐப்பசி மழைல என்னோடது ஒண்ணு அழுகிருச்சு. வாங்குனதும் ஆத்துமணல் கலந்து மாத்திருங்க, கடக்கரை மணல் வேணாம், உப்பு.

நம்மூரு கள்ளிமுளையான் (சதைப்பத்தான தண்டு இருக்க சின்னச் செடி) மட்டும் அங்க இல்ல, அதையும் வளத்து வைங்கக்கான்னு சொல்லிட்டு வந்துருக்கேன்.