அக்காவுக்கு எடுத்த இதயப் பரிசோதனை: பெங்களூருவில் ஒரு 'பெண்கள் தொகுப்பு'

பெங்களூருவின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்று பெண்களுக்கென்றே நடத்தும் இதயப் பரிசோதனைத் தொகுப்பிற்கு, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அல்சூரிலிருந்து என் அக்காவை அழைத்துச் சென்றேன். அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. கட்டணம் 4,800 ரூபாய். இத்தகைய தொகுப்புகள் நகரெங்கும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருப்பதால், இங்கே சொல்பவை வேறு மருத்துவமனைக்குச் செல்பவர்களுக்கும் பயன்படும்.

மூன்று வாரங்களாகவே, துவைத்த துணி வாளியுடன் மொட்டை மாடிக்கு ஏறும்போது அக்கா இரண்டாவது திருப்பத்தில் நின்றுவிடுவாள். வாளியைக் கீழே வைத்து, இடது கையால் சுவரைப் பிடித்தபடி, வலது உள்ளங்கையைத் தொண்டைக்குழிக்குக் கீழே அழுத்திக்கொள்வாள். தாடையில் ஒரு குடைச்சல், தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு பாரம். இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். பல் வலி என்று கிராம்பு வைத்தாள், வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தாள். தெருமுனைக் கிளினிக்கிலும் ஈ.சி.ஜி. எடுக்காமல் வாயு மாத்திரையையே கொடுத்து அனுப்பினார்கள். மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முதன்மையான அறிகுறி என்றாலும், மூச்சிரைப்பு, குமட்டல், தாடையிலும் முதுகிலும் வலி, இனம்புரியாத அசதி ஆகியவை ஆண்களைவிட அவர்களுக்கே அதிகமாகச் சேர்ந்து வருவதால், வீட்டாரும் சில நேரம் மருத்துவர்களும் வயிற்றுக் கோளாறு என்று எண்ணி ஏமாந்துவிடுகிறார்கள். 2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் மறைந்தபோது எங்கள் தெரு இளைஞர்கள் பலர் ஓடிப்போய் இதயத்தைச் சோதித்துக்கொண்டார்கள். தம்முடைய அம்மாவையும் கூட்டிச் சென்றதாக அவர்களில் ஒருவரும் சொல்லி நான் கேட்கவில்லை.

பரிசோதனைக் கூடத்தைப் பற்றிக் குறை சொல்ல ஏதுமில்லை. ஏழரை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள், ஈ.சி.ஜி.க்கும், ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோவுக்கும் பெண் ஊழியர்களே இருந்தார்கள். திரைச்சீலை ஒழுங்காக இழுத்து மூடப்பட்டிருந்தது. நடக்கவைத்து ஈ.சி.ஜி. பார்க்கும் டிரெட்மில்லுக்குச் சல்வாரும் ஷூவும் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் அக்கா சேலையுடன் தவித்திருக்க மாட்டாள். தொகுப்பில் வைட்டமின் டி இருந்தது, எலும்பு அடர்த்திச் சோதனை இருந்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. இல்லை. அதற்குத் தனியாகப் பணம் கட்டினோம். நீரிழிவு வந்தால் இதய நோய்க்கான ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக ஏறுகிறது என்பதை நினைத்தால், பெண்களுக்கென்று பெயர் வைத்த ஒரு தொகுப்பில் அது விடுபட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய குறை வரவேற்பு மேசையில் இருந்தது. தொந்தரவு ஏதும் இல்லாதவர்களுக்கான பரிசோதனை இது. மாடி ஏறினால் தாடை வலிக்கும் பெண்ணை நேராக இதய மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும். முந்தைய வாரம் முன்பதிவு செய்தபோதும், அன்று பணம் வாங்கியபோதும், எதற்காக வருகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தெரியாமல் நானும் ஒரு வாரம் காத்திருந்தேன். அந்த ஏழு நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

மொழியும் ஓர் இடையூறாக இருந்தது. படிவம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. அக்கா "படபடப்பு" என்று சொன்னதை உதவியாளர் ஒருவர் கன்னடத்தில் "காபரி" என்று எடுத்துச் சொல்ல, குறிப்புத் தாளில் அது பயம், பதற்றம் என்று பதிவாகிவிட்டது. இதயம் தாறுமாறாக அடித்துக்கொள்வதை ஒரு பெண் சொல்ல, அது மனக்கலக்கமாக மாறிய அந்த நிமிடத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உடனே மறுத்துத் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டி துணையின்றி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கொடுத்த பணத்திற்கு உண்மையான மதிப்பு மருத்துவரின் அறையில் கிடைத்தது. அந்த அம்மையார் அறிக்கைகளை ஓரமாக வைத்துவிட்டு, பிரசவங்களைப் பற்றித்தான் முதலில் கேட்டார். 1994இல் தருமபுரியில் முதல் குழந்தையைச் சுமந்தபோது அக்காவுக்கு பி.பி. ஏறி, கால் வீங்கி, சிறுநீரில் புரதம் போய், எட்டாவது மாதமே பிரசவம் பார்க்க வேண்டியிருந்தது. பிள்ளை பிழைத்த மகிழ்ச்சியில் குடும்பமே மறந்துபோன செய்தி அது. பிரீ-எக்லாம்ப்சியா எனப்படும் அந்த நிலை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று அவர் விளக்கினார். மாதவிடாய் 45 வயதுக்கு முன்பே நின்றதா, கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததா, சிறுவயதில் மூட்டு வீக்கத்துடன் காய்ச்சல் வந்ததா, விறகடுப்பில் எத்தனை ஆண்டு சமைத்தீர்கள், வெற்றிலையோடு புகையிலை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவற்றில் ஒரு கேள்விகூட அந்த நான்கு பக்கப் படிவத்தில் இல்லை. மருத்துவமனை உடனே திருத்திக்கொள்ள வேண்டியது இதைத்தான். வேறு மருத்துவர் அமர்ந்திருந்தால் 1994 வெளியே வந்திருக்குமா என்பது சந்தேகமே.

டிரெட்மில்லில் மாறுதல் தெரிந்தது. அந்தச் சோதனை பெண்களிடம் அவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை, அடைப்பு இல்லாதவர்களுக்கும் இருப்பதுபோலக் காட்டும் என்று சொல்லி, அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்து அடுத்த வாரம், ரத்தக் குழாய்களில் சாய மருந்து செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் செய்தார்கள். பெரிய ரத்தக் குழாய்கள் எதிலும் அடைப்பில்லை. கவுன்டரில் இருந்தவர் "எல்லாம் நார்மல்" என்று கோப்பை நீட்டினார். மருத்துவரோ, இதயத் தசைக்குள் ஓடும் நுண்குழாய்கள் தேவையான நேரத்தில் விரிந்து கொடுக்காவிட்டாலும் இதே வலி வரும், பெண்களிடம் இது அதிகம், ஆஞ்சியோகிராம் படத்தில் அந்தக் குழாய்கள் தெரியாது என்றார். ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மாத்திரைகள் எழுதினார். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று பக்கத்து வீட்டார் சொன்னதை அக்கா கேட்டாள். 2002இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு இதயப் பாதுகாப்புக்காக அதைக் கொடுப்பதில்லை என்று பொறுமையாகப் பதில் சொன்னார். உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். அப்பளம், ஊறுகாய், வடகம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேர நடை. இப்போது அல்சூர் ஏரிக்கரையில் காலையில் நாங்கள் இருவரும் நடக்கிறோம்.

தொந்தரவு எதுவும் இல்லாத, நாற்பதைக் கடந்த பெண்களுக்கு இத்தொகுப்பைத் தயக்கத்துடன் பரிந்துரைப்பேன், எச்.பி.ஏ.1சி.யைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிகுறி இருப்பவர்கள் தொகுப்பை விட்டுவிட்டு இதய மருத்துவரையே பாருங்கள், செலவும் குறையும். பணம் புரட்ட முடியாதவர்களுக்கு ஜெயநகரில் அரசு சார்ந்த ஜெயதேவா இதய மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து, வியர்த்து, விடாமல் இருந்தால் 108ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது நடைமுறை. அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த மாதம் மறுபரிசோதனை. 1994ஆம் ஆண்டின் பிரசவச் சீட்டை அம்மாவின் தகரப் பெட்டியிலிருந்து வரவழைத்து, அக்கா புதிய கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறாள்.