பெரம்பூர் வங்கிக் கிளையில் படைவீரர் ஓய்வூதியச் சேவை

முன்னாள் படைவீரரான என் மாமனாரின் ஆயுள் சான்றிதழுக்காக, பெரம்பூரில் உள்ள வங்கிக் கிளை ஒன்றுக்கு நவம்பரில் அவரை அழைத்துச் சென்றேன். ஓய்வூதியம் இப்போது பாதுகாப்புத் துறையின் இணையவழி ஓய்வூதிய அமைப்பான ஸ்பர்ஷ் வழியாக நேரடியாகக் கணக்கில் வரவாகிவிடுவதால், முதியவர்களுக்குக் கிளையில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்த வேலைதான். ரேகை தேய்ந்த கட்டைவிரலைக் கருவி ஏற்க மறுத்தபோது, ஈரத் துணியால் துடைத்து, ஆள்காட்டி விரலை வைக்கச் சொல்லிப் பொறுமையாக முடித்துக் கொடுத்த ஊழியரைப் பாராட்டியே ஆக வேண்டும். முகப் பதிவு மூலம் கைப்பேசியிலேயே இதை முடிக்கலாம் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. 2021-இல் அரிசி அட்டைதாரர்களுக்கான கொரோனா நிவாரணம் 4,000 ரூபாயை, இரண்டு தவணைகளாக, டோக்கனில் நாள் குறித்து நியாயவிலைக் கடைகள் வழங்கின. அந்த ஒழுங்கில் பாதி இங்கே இருந்தாலும் முதியவர்கள் படிக்கட்டில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. சாய்தளமும் கிடையாது. மதிய உணவு இடைவேளைக்குப் பிறகு செல்வதே நல்லது.