தண்டையார்ப்பேட்டையில் ஓர் ‘இதய நலத் தொகுப்பு’: சர்க்கரை நோயாளி வீட்டின் அனுபவம்

14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் இருக்கும் என் அப்பாவுக்கு, தண்டையார்ப்பேட்டையில் எங்கள் தெருமுனையிலுள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்தில், பல சோதனைகளை ஒன்றாகச் சேர்த்த ‘இதய நலத் தொகுப்பு’ எடுத்தோம். வெறும் வயிற்றோடு வந்த முதியவர்களை முதலில் அழைத்தார்கள். ரத்தம் எடுத்த பெண், அப்பாவின் மெலிந்த நரம்பை விரலால் இருமுறை தடவிப் பார்த்து ஒரே குத்தில் முடித்தார்.

மூன்று மாதச் சர்க்கரையின் போக்கைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு அளவுகள் ஆகியவற்றுடன், உடலின் அழற்சியைக் காட்டும் ஹெச்எஸ்-சிஆர்பியும் தொகுப்பில் இருந்தது. சளி, காய்ச்சல் இருந்தாலே இந்த எண் ஏறிவிடும் என்பதால் முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும். அப்பாவுக்கு இருமல் இருந்ததை ஒருவரும் கேட்கவில்லை. லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் இதய நோய் ஆபத்து அதிகம் என்று அறிக்கையில் அச்சிட்டிருந்ததைக் கண்டு அம்மா அன்றிரவு உறங்கவே இல்லை. மூன்று வாரம் கழித்து மீண்டும் எடுத்தபோது எண் இறங்கியிருந்தது.

இதைவிடப் பெரிய குறை, சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதம் பார்க்கும் சோதனை தொகுப்பில் இல்லாதது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ தொடர்ந்து இருந்தால், அது சிறுநீரகப் பாதிப்பை மட்டுமல்லாமல் மாரடைப்பு அபாயத்தையும் உணர்த்தும். எங்கள் மருத்துவர் கேட்ட பிறகே தனிக் கட்டணம் செலுத்தி அதை எடுத்தோம். மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும், பரம்பரையாக அளவு அமையும் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகளுக்கான சோதனையும் தனிக் கட்டணத்தில்தான். அதைப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே போதும். ரத்தம் எடுக்கும் கைத்திறனுக்காக மறுபடியும் அங்கேயே செல்வோம், மருத்துவர் எழுதிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு.