ஏற்காடு இறக்கத்துக்கு எந்த டிஸ்க் பிரேக்?

சேலத்தில் எம்டிபி (மலைச் சைக்கிள்) வைத்திருப்பவர்களுக்கு ஏற்காடு ஏறுவதை விட இறங்குவதுதான் சோதனை. 20 கொண்டை ஊசி வளைவுகள். என் எடை 80 கிலோவுக்கு மேல். சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் தனி. சைக்கிளோடு வந்த மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, பாதி மலை இறங்குவதற்குள் விரல் மரத்துப்போகும். ஊருக்குள் ஓட்ட அது தாராளம். மலைக்கு ஆகாது.

மாற்றலாம் என்று முடிவானபோது பட்டியலில் மூன்று இருந்தன: அவிட் பிபி7, ஷிமானோ எம்டி200, ஷிமானோவின் நான்கு பிஸ்டன் எம்டி520. பிபி7 கேபிளில் இயங்குவது, மற்ற இரண்டும் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக். எந்த ஊரில் கேபிள் அறுந்தாலும் மாற்றிவிடலாம், நீண்ட பயணம் போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் பேட் (ரோட்டர் என்ற தட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) தேயத் தேய இரு பக்கக் குமிழையும் நாமேதான் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஹைட்ராலிக்கில் அந்த வேலை இல்லை, பேடைத் தள்ளும் பிஸ்டன் தானாக முன்னுக்கு வந்துவிடும். அதனால் பிபி7 கழிந்தது.

முதலில் போட்டது எம்டி200. முன்னால் 180, பின்னால் 160 மில்லிமீட்டர் ரோட்டர். இரண்டு மழைக்காலம் அப்படியே ஓட்டினேன். விலைக்கு இது அபாரமான பிரேக், இன்றும் என் பின்சக்கரத்தில் இதுதான். லீவர் கொஞ்சம் நீளம், இரண்டு விரல் வைத்துப் பிடிக்கத் தோதானது. ரோட்டரை 160இலிருந்து 180 ஆக்கினால் பிடிப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடும். கேலிப்பரை (பேடும் பிஸ்டனும் இருக்கும் பகுதி) மாற்றுவதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டியது இதைத்தான். செலவு ஒரு ரோட்டரும் ஒரு அடாப்டரும். உங்கள் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) எத்தனை மில்லிமீட்டர் வரை தாங்கும் என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

குறை தெரிந்தது நீண்ட இறக்கத்தில்தான். இதோடு பெரும்பாலும் வரும் மலிவு ரோட்டர்கள் ரெசின் (பிசின் கலந்த) பேடுக்கு மட்டுமானவை, ரோட்டரிலேயே அப்படி அச்சிட்டிருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் ரோட்டர் சீக்கிரம் தேய்ந்துவிடும். ரெசின் பேட் சத்தமில்லாமல், மென்மையாகப் பிடிக்கும். ஆனால் சூடேறினால் பிடிப்பு தளரும், மழையில் மண்ணும் சேர்ந்தால் வேகமாகக் கரையும்.

அப்புறம் முன்சக்கரத்துக்கு மட்டும் எம்டி520 கேலிப்பர், எம்டி501 லீவர், மெட்டல் பேட் தாங்கும் ரோட்டர் என்று மாற்றினேன். வேகத்தை அடக்கும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது, காசைப் போட வேண்டிய இடமும் அதுதான். இந்த லீவரில் சர்வோ வேவ் உண்டு: தொட்டதும் பேட் விறுவிறுவென்று ரோட்டர் பக்கம் போகும், அதன்பின் அதே விரலுக்குக் கூடுதல் அழுத்தம் கிடைக்கும். இப்போது ஒரு விரல் போதும். பழகும்வரை ஜல்லி கிடக்கும் வளைவில் மெதுவாகத் தொடுங்கள். முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஆள் கீழேதான். மெட்டல் பேட் ஈரத்தில் கொஞ்சம் கத்தும். எனக்கு அது ஹார்ன் மாதிரி, பரவாயில்லை.

ஆர்டர் போடும்முன் இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊரில் முன் பிரேக் வலக்கையில். பல வெளிநாட்டுச் சந்தைகளுக்கான செட்டில் முன் பிரேக் இடக்கைக்கு வரும். ஆயில் நிரப்பி, ஹோஸும் (ஆயில் குழாய்) பூட்டியே வருவதால் கைமாற்றிப் போட முடியாது. முன்சக்கரத்துக்கான ஹோஸ் பின்சக்கரம் வரை எட்டாது. மாற்ற வேண்டுமானால் கழற்றி, திரும்ப ப்ளீடிங் (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது) செய்ய வேண்டும். வலது முன், இடது பின் என்று கேட்டு வாங்குங்கள்.

ஷிமானோவுக்கு மினரல் ஆயில்தான். கார், பைக்குக்கு ஊற்றும் டாட் ஆயிலைக் கடைக்காரர் எடுத்தால் தடுத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் ரப்பர் சீல் உப்பிக் கெட்டுவிடும். ரோட்டர் புதிதாக 1.8 மில்லிமீட்டர் கனம், 1.5க்கு வந்தால் மாற்ற வேண்டும். பேட் 0.5க்கு வந்தால் மாற்ற வேண்டும். செயின் ஆயில் ஸ்ப்ரே அடிக்கும்போது ரோட்டரைத் துணியால் மூடிவிடுங்கள், பேடில் எண்ணெய் ஏறினால் பெரும்பாலும் புதுப் பேட்தான் வழி.

காரில் ஏற்றச் சக்கரத்தைக் கழற்றினால், பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஸ்பேசரைச் செருகிவிடுங்கள். அது இல்லாதபோது யாராவது விளையாட்டாக லீவரை அமுக்கினால் பிஸ்டன்கள் வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும். பேடுகளைப் பிரித்துத் தள்ளாமல் ரோட்டர் உள்ளே போகாது.