பழுதாகாத ரேமுக்கு 10,200 ரூபாய்: லினக்ஸ் கணினி வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த ஜனவரியில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் நான் ஏமாந்த கதையைக் கூடியவரை விவரமாக எழுதுகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் கொடுத்த புகார் நிலுவையில் இருப்பதால், கடையின் பெயரையும் ஊரையும் இங்கே குறிப்பிடவில்லை. பெயர் தெரியாவிட்டாலும், அவர்கள் ஏமாற்றிய விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும். உங்கள் ஊரிலும் இதே விதமாகத்தான் ஏமாற்றுவார்கள்.

நான் வீட்டிலிருந்தபடியே பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) மூலம் தட்டச்சு வடிவாக்கி, மெய்ப்புப் பார்த்துத் தரும் வேலை செய்கிறேன். என் கணினி 2019-இல் உதிரிப் பாகங்களாக வாங்கிப் பூட்டியது. அதில் எட்டு எட்டு ஜி.பி.யாக இரண்டு டி.டி.ஆர்.4 வகை ரேம் (நிரல்கள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) இருந்தன. டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் பல ஆண்டுகளாக ஓடுகிறது. ஸ்கேனர் ஒருபுறமும் எழுத்துணரி மறுபுறமும் இரவெல்லாம் வேலை செய்வதால், நான் கணினியை அணைப்பதே அரிது. மாதக் கணக்கில் தொடர்ந்து ஓடும். அதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

நவம்பரில் டெபியன் 13-க்கு மாறினேன். டிசம்பர் நடுவிலிருந்து தொல்லை தொடங்கியது. கணினியைப் புதிதாகத் தொடங்கினால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். பிறகு நாளுக்கு நாள் மந்தமாகி, ஃபயர்ஃபாக்ஸில் ஒரு தாவலிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கே மூச்சு வாங்கும். ரேம் போதாதபோது வட்டில் பயன்படுத்தும் இடமான ஸ்வாப் நிரம்பிக்கொண்டே போனது. உலாவிதான் நினைவகத்தைத் தின்கிறது என்று நினைத்து, தாவல்களை மூடி மூடிப் பார்த்தேன்; சிறிதளவே பயன் இருந்தது. வேலை நெருக்கடியில் நானே உட்கார்ந்து ஆராயாமல், தெரிந்தவர் ஒருவர் சொன்ன கடைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அது என் முதல் தவறு.

வீட்டுக்கு வந்து பார்க்க 500 ரூபாய். வந்த இளைஞர் லினக்ஸ் தெரியும் என்று சொன்னதோடு, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து, ரேம் கணக்கைக் காட்டும் ‘ஃப்ரீ’ என்ற கட்டளையையும் சரளமாகத் தட்டினார். அதைப் பார்த்தே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. திரையில் வந்த அட்டவணையில் ‘ஃப்ரீ’ என்ற பத்தியின் கீழ் 310 எம்.பி. என்று இருந்தது. “பாருங்க மேடம், பதினாறு ஜி.பி.யில முந்நூறுதான் மிச்சம். ரேம் போயிடுச்சு. ரெண்டும் வீக்” என்றார். அப்படியே கணினியின் மின் இணைப்பைப் பிடுங்கி, பெட்டியைக் கடைக்கு எடுத்துச் சென்றார். பல நாட்கள் ஓடிய கணினி, தனக்கு என்ன நோய் என்று காட்டிக்கொண்டிருந்த அதே வேளையில், அந்தத் தடயம் முழுவதும் அந்த ஒரு பிடுங்கலில் அழிந்துபோனது.

இந்த இடத்தில் இரண்டு பொய்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும். முதலாவது, அவர் காட்டிய எண். லினக்ஸ், சும்மா கிடக்கும் ரேமை அப்படியே விட்டுவைப்பதில்லை. வட்டிலிருந்து படித்த கோப்புகளை, மறுபடி தேவைப்படலாம் என்று அதிலேயே அடுக்கி வைத்துக்கொள்ளும். ஏதாவது நிரலுக்கு இடம் வேண்டுமென்றால் அடுத்த கணமே அதை விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே, நெடுநாள் ஓடிய எந்த லினக்ஸ் கணினியிலும் ‘ஃப்ரீ’ பத்தி சிறிய எண்ணாகத்தான் இருக்கும். அது நோயின் அறிகுறியன்று. பார்க்க வேண்டியது அதே வரியின் கடைசியில் இருக்கும் ‘அவைலபிள்’ பத்தி. உண்மையில் எவ்வளவு இடம் கிடைக்கும் என்ற அந்த மதிப்பீட்டை லினக்ஸின் மையப் பகுதியான கருவே (கெர்னல்) 2014-இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து கணக்கிட்டுத் தருகிறது. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கண்ணெதிரே இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, வாடிக்கையாளரைப் பயமுறுத்தும் எண்ணை மட்டும் சுட்டிக்காட்டுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இரண்டாவது பொய் இன்னும் பெரியது. பழுதான ரேம் நிரம்பாது. தன்னிடம் வைத்ததைத் தப்பாகத் திருப்பித் தரும். நிரல்கள் காரணமின்றி ஆளுக்கொரு விதமாகச் செத்து விழும், நகலெடுத்த கோப்பு மூலத்தோடு ஒத்துப்போகாது, கணினி உறையும், அல்லது தொடங்கவே மறுக்கும். ஒரு ரேம் முழுவதுமாகச் செத்துவிட்டால் மொத்த அளவே பாதியாகத் தெரியும். என் கணினியில் மொத்தம் முழுதாகக் காட்டியது, எந்த நிரலும் தானாக விழவில்லை. ‘வீக்’ ஆன ரேம் என்று ஒன்று கிடையாது.

மறுநாள் கடைக்குப் போனபோது பெட்டி திறந்திருந்தது; புது ரேம் இரண்டும் ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்தன. பழையவற்றைச் சோதித்தீர்களா என்று கேட்டதற்கு, “பத்து நிமிஷம் டெஸ்ட் ஓட்டினோம், ரெண்டுமே ஃபெயில்” என்றார் உரிமையாளர். மெம்டெஸ்ட்86+ என்ற சோதனை ஒரு சுற்று முடிக்கவே என் கணினியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கணினியைத் தொடங்கி அதே கட்டளையைக் கொடுத்தார், பயன்பாடு 1.3 ஜி.பி. மட்டுமே. “இப்ப பாருங்க” என்று திரையை என் பக்கம் திருப்பினார். நானும் பார்த்தேன், மகிழ்ந்தேன். அப்போதுதான் தொடங்கிய கணினி வேறு எதைக் காட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய ரேமையே திரும்பப் பூட்டித் தொடங்கியிருந்தாலும் அதே 1.3 தான் வந்திருக்கும்.

விலை 11,200 ரூபாய். பழையவற்றை எடுத்துக்கொள்வதற்காக ஆயிரம் கழித்து 10,200. 2025 இறுதியிலிருந்து உலகமெங்கும் ரேம் விலை ஏறிக்கிடப்பதால் இந்தத் தொகை எனக்குச் சந்தேகம் தரவில்லை. ஆனால் அதே விலையேற்றத்தால், நல்ல நிலையில் இருந்த என் பழைய இரண்டு ரேமும் ஆயிரத்தைவிடப் பல மடங்கு பெறும் என்பதையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டும். ரசீதில் ‘8 ஜி.பி. ரேம், புதியது, 2’ என்று மட்டும் எழுதியிருந்தது. வரிசை எண் இல்லை.

ஒன்பதாம் நாள் கணினி மறுபடி தவழ ஆரம்பித்தது.

மீண்டும் அழைத்தேன். அதே இளைஞர் வந்து, இந்த முறை ரேமைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், “சாஃப்ட்வேர்ல ஆப்டிமைஸ் பண்ணணும்” என்றார். கணினியின் முழு அதிகாரத்தையும் தரும் ரூட் கடவுச்சொல்லைக் கேட்டார். கொடுத்தேன், அது இரண்டாவது தவறு. கால் மணி நேரம் தட்டினார். ‘ஃப்ரீ’ பத்தியில் ஐந்து ஜி.பி. தோன்றியது. 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு ஒரு புது விநோதம்: சற்று முன் திறந்து மூடிய கோப்பைத் திறந்தால்கூட, முதல் முறை திறப்பது போலவே நேரம் எடுத்தது.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது ஒரு பிழைச்செய்தி. அடுத்த வாரம் ஓர் இரவு எழுத்துணரி வேலை பாதியில் நின்று, ‘சாதனத்தில் இடம் இல்லை’ என்ற பொருளில் ஒரு வரி வந்தது. என் வட்டிலோ 300 ஜி.பி.க்கு மேல் காலியாக இருந்தது. அப்படியானால் இடமில்லாத அந்தச் சாதனம் எது? இடக்கணக்குக் காட்டும் ‘டி.எஃப்.’ கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். டெம்ப் என்னும் தற்காலிகக் கோப்புறை தனி வரியாக நின்றது: மொத்தம் 7.8 ஜி.பி., பயன்பாடு 97 விழுக்காடு. அதன் வகை ‘டெம்ப்எஃப்எஸ்’. அதாவது அது வட்டிலேயே இல்லை, ரேமில் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இல் இது ஒரு முக்கியமான மாற்றம். அதுவரை வட்டில் இருந்த தற்காலிகக் கோப்புறை, இயல்பாகவே ரேமுக்கு இடம் மாறுகிறது. ரேமின் பாதி வரை அது வளரலாம். பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தியவர்களுக்கும் மறுதொடக்கத்துக்குப் பின் இதுவே நடக்கும். வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள், நான் படிக்கவில்லை. என் வேலைக்காக அக்கா மகன் சில ஆண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுத்த சிறு நிரல், ஒவ்வொரு பக்கப் படத்தையும் அந்தக் கோப்புறையில் விரித்து வைத்து எழுத்துணரிக்குக் கொடுக்கும், முடிந்ததும் அழிக்காது. அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் சாம்பல்நிற ஏ4 பக்கம் ஒன்று, சுருக்காமல் வைத்தால், ஏறக்குறைய 35 எம்.பி. நூறு பக்கத்துக்கு மூன்றரை ஜி.பி. வட்டில் கிடந்தவரை அந்தக் குப்பை என் கண்ணில் படவில்லை. மறுதொடக்கத்தில் தானே காலியாகிவிடும். ரேமுக்கு வந்த பிறகு இரண்டு புத்தகம் போதும், பாதி ரேம் போய்விடும். ஆக, மூல காரணத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கத்தான் பணம் கொடுத்தேன்.

கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமா? இல்லை. அன்றிரவு நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் ‘ஃப்ரீ’: பயன்பாடு 13.2 ஜி.பி., அவைலபிள் 2.3. ஆகவே நெருக்கடி மெய்தான். அடுத்து, எல்லா நிரல்களும் சேர்ந்து எவ்வளவு வைத்திருக்கின்றன என்று ‘எஸ்மெம்’ கருவியால் கூட்டினேன். ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் ‘டாப்’ கட்டளை காட்டும் எண்களை அப்படியே கூட்டக் கூடாது. பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் பகுதியை அது ஒவ்வொன்றின் கணக்கிலும் முழுதாகச் சேர்த்துவிடும். எஸ்மெம் அதைப் பங்கிட்டுக் கணக்கிடும். வந்த கூட்டுத்தொகை 5.6 ஜி.பி. பதின்மூன்றுக்கும் ஐந்தரைக்கும் இடையில் ஏழரை ஜி.பி. எந்த நிரலின் பெயரிலும் இல்லை. இப்படி ஆளில்லாத கணக்கு வந்தாலே உலாவியைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, ‘ஷேர்டு’ பத்தியைப் பார்க்க வேண்டும்; ரேமில் வாழும் கோப்புகள் அங்கேதான் எண்ணப்படுகின்றன. 7.1 ஜி.பி. என்று இருந்தது. அந்தப் பத்தி சிறியதாக இருந்திருந்தால், கருவின் சொந்தச் செலவைக் காட்டும் ‘ஸ்லாப்டாப்’ பக்கம் போயிருப்பேன். தேவைப்படவில்லை. பழைய படங்களை அழித்தேன். மறுதொடக்கம் ஏதுமின்றிப் பயன்பாடு ஆறு ஜி.பி.க்கு இறங்கியது.

பிறகுதான் அந்த 1,500 ரூபாய் ‘ஆப்டிமைஸ்’ என்னவென்று தேடினேன். குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய கட்டளைகளை எழுதிவைக்கும் ரூட்டின் கிரான் அட்டவணையில் ஒரே ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, லினக்ஸ் சேர்த்து வைத்திருக்கும் கோப்பு இடையகம் முழுவதையும் கொட்டிவிடும் கட்டளை அது. ‘ஃப்ரீ’ பத்தி பெரிதாகத் தெரிவதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை. ரேமில் கிடந்த என் படங்களை அது தொடவே தொடாது. மாறாக, ஒவ்வொரு கோப்பையும் மறுபடி வட்டிலிருந்து படிக்கச் செய்யும். என் கணினியை மெதுவாக்குவதற்கு நானே கூலி கொடுத்திருக்கிறேன். ரேம் விஷயத்தையாவது அறியாமை என்று தள்ளலாம். அந்தக் கட்டளையை எழுதத் தெரிந்தவருக்கு அது என்ன செய்யும் என்று தெரியாமல் இருக்காது.

சந்தேகம் வந்த பிறகு எதையும் விடத் தோன்றவில்லை. ரேமுக்குள்ளேயே பதிந்திருக்கும் விவரத்தைப் படிக்கும் ‘டிகோட்-டிம்ஸ்’ என்ற கருவியை ஓட்டினேன். இரண்டிலும் தயாரிப்புத் தேதி 2018, முப்பத்தொன்றாம் வாரம். பெட்டியைத் திறந்து ஒன்றைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தங்க முலாம் பூசிய பற்களின் மீது, பலமுறை செருகி எடுத்ததற்கான மெல்லிய கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. ‘புதியது’ என்று ரசீது போட்ட ரேம், நான் 2019-இல் கணினி பூட்டுவதற்கு முன்பே தயாரானது.

கடைக்குப் போய்ப் படங்களையும் ரசீதையும் முன்னால் வைத்தேன். “ஓல்டு ஸ்டாக் மேடம், ஆனா புது பீஸ்தான்” என்றார் உரிமையாளர். கோடுகளைக் காட்டியதும், கடையில் ஒருமுறை போட்டுச் சோதித்தது என்றார். என் பழைய ரேமைக் கேட்டேன். அன்றைக்கே ஸ்கிராப்பில் போய்விட்டதாம். நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் 1,500 ரூபாயை மட்டும் மேசைமீது வைத்தார், அதை வாங்கிக்கொண்டேன். மீதிக்காகத்தான் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ரசீது, டிகோட்-டிம்ஸ் காட்டிய விவரத்தின் அச்சு, பற்களின் படம், கிரான் வரியின் படம் ஆகிய நான்கையும் ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் கணினியை யாரிடமாவது கொடுக்க நேர்ந்தால், மந்தமாக இருக்கும் அந்த வேளையிலேயே, அணைப்பதற்கு முன், ‘ஃப்ரீ’, ‘டி.எஃப்.’ இரண்டின் வெளியீட்டையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ரேமின் ஒட்டுத்தாளையும், வரிசை எண் தெரியும்படி, அதே கையோடு எடுங்கள். ரேம் பழுது என்றால் மெம்டெஸ்ட் காட்டும் சிவப்பு வரிகளை உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பொருள் எதுவானாலும், கெட்டதே ஆனாலும், வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

அக்கா மகன் நிரலில் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தான்; வேலை முடிந்ததும் படங்கள் அழிகின்றன, அதுவும் இப்போது வட்டில் உள்ள வேறு கோப்புறையிலிருந்து. கணினி தொடர்ந்து ஓடி இன்று 41 நாள். ஷேர்டு பத்தி 190 எம்.பி.யைத் தாண்டவில்லை. அந்த 2018 ரேம் இரண்டையும் ஓர் இரவு முழுவதும் மெம்டெஸ்டில் போட்டேன். ஒரு பிழையும் இல்லை. வேறு வழியின்றி அவற்றிலேயே இந்தப் பதிவைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.