மூடிய பெட்ரோல் பங்க் இடம்: ஜேசிபியா, போர் வண்டியா, கை ஆகரா?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மூடிப்போன பங்க் இடம் ஒன்று விலைக்கு வந்தால், வாங்குகிறவர் பட்டாவைப் பார்ப்பார், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார், ரோட்டு முகப்பு எத்தனை அடி என்று அளப்பார். அடியில் கிடந்த டேங்க் ஒழுகியதா என்று கேட்பவர் குறைவு. கேட்டாலும் ஆளுக்கொரு யோசனை வரும். ஜேசிபி விட்டுத் தோண்டிப் பார், போர் வண்டியைக் கூப்பிடு, பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை லேபுக்கு அனுப்பு. இந்தக் கரைக்கு எது பொருந்தும், எது காசுக்குக் கேடு என்று பார்க்கலாம்.

பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட லேசு. மணலில் கசிந்தால் நேரே இறங்கி, நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன் மேல் மிதந்து பக்கவாட்டில் பரவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் ஏறும்போது எண்ணெயும் ஏறும். கோடையில் கூடவே இறங்கும். இப்படி ஏறி இறங்கிய உயரம் முழுக்க மணலில் எண்ணெய் அப்பியிருக்கும். நாம் தேட வேண்டியது அந்தப் பட்டையைத்தான். கடலை ஒட்டிய மணல்மேட்டு ஊர்களில் அது ஓர் ஆள் உயரத்துக்குள்ளேயே கிடைக்கலாம்.

அதனால் போர் வண்டியை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். கம்ப்ரசர் காற்றை அடித்துத் துளைக்கிற வண்டி, நாம் பிடிக்க வேண்டிய ஆவியையே ஊதித் தள்ளிவிடும். மேலே வந்து விழும் மணல் எந்த ஆழத்து மணல் என்றும் சொல்ல முடியாது. இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. இந்தக் கரையில் பல இடங்களில் நல்ல தண்ணீர் என்பது உப்பு நீரின் மேல் மிதக்கும் மெல்லிய அடுக்கு. ஆழமாகத் துளைத்து மோட்டார் போட்டால் உப்பும் ஏறும், மேலே மிதந்த எண்ணெயின் கரைசலும் கீழே இழுபடும்.

ஜேசிபி குழி கண்ணுக்குக் காட்டும். வெளுத்த மணலுக்கு நடுவே சாம்பல் பூத்த பட்டை தெரிந்தால் விவாதமே தேவையில்லை. ஆனால் நீர்மட்டம் வந்ததும் மணல் சரியும். குழிக்குள் இறங்கினால் ஆவியும் ஆபத்து, ஒரு தீப்பொறியும் ஆபத்து. டேங்கைத் தோண்டி எடுக்கிற அன்றைக்குத்தான் ஜேசிபி உருப்படியாகப் பயன்படும். டேங்க் கிடந்த குழியின் அடியிலும் நான்கு சுவரிலும் வாளி எடுத்துவரும் மண்ணில் மாதிரி எடுத்துவிடலாம். குழியை மூடிவிட்டால் அந்த வாய்ப்புப் போச்சு. டேங்கை மட்டும் பார்ப்பதும் போதாது. லாரி இறக்கும் வாய், பெட்ரோல் போடும் மெஷினான டிஸ்பென்சருக்குப் போன குழாயின் இணைப்புகள், இந்த இடங்களும் ஒழுகும்.

கை ஆகர்தான் என் தேர்வு. கையால் திருகி மண்ணைத் துளைத்து எடுக்கும் கருவி அது. இரண்டு பேர் கைப்பிடியைத் திருகினால் மணலில் நீர்மட்டம் வரை போய்விடும். தண்ணீர் ஊற்றுவதில்லை, காற்று அடிப்பதில்லை. ஒவ்வோர் அரை மீட்டருக்கும் ஒரு கைப்பிடி மண்ணை ஜிப் கவரில் போட்டு மூடி, பத்து நிமிடம் விட்டு, ஆவி அளக்கும் மீட்டரின் முனையைக் கவருக்குள் நுழைத்தால் எந்த ஆழத்தில் எண் எகிறுகிறது என்று தெரிந்துவிடும். கடற்காற்றின் ஈரம் அந்த மீட்டரைக் குழப்பும். அதனால் சுத்தமான மண்ணிலும் ஒரு கவர் போட்டு ஒப்பிட வேண்டும். எண் எகிறிய மண் லேபுக்குப் போக வேண்டும். 2000-க்கு முந்தைய பங்க் என்றால் ஈயமும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் இருந்தது.

தண்ணீர் ஊற்றி இறக்கும் கைபோர் மண் மாதிரிக்கு ஆகாது, எல்லாவற்றையும் கழுவிவிடும். ஆனால் நீர்மட்டத்தையும் மிதக்கும் எண்ணெயையும் பார்க்கக் குழாய் இறக்கும் கண்காணிப்புக் கிணறு போட அதுவே போதும். முக்கோணமாக மூன்று கிணறு வேண்டும். தண்ணீர் உள்ளே புக வெட்டுப்போட்ட குழாய்ப் பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். வெட்டு முழுவதும் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தால் மிதக்கும் எண்ணெய் உள்ளேயே வராது, அறிக்கை ‘சுத்தம்’ என்று வரும். மூன்று குழாய் வாயையும் கொத்தனாரின் தண்ணீர் டியூபால் மட்டம் பிடித்து, நீர்மட்டத்தை ஒரே நேரத்தில் அளந்தால் நீர் ஓடும் திசை தெரியும். வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான் இருக்கும், அலட்சியம் கூடாது. கடலை நோக்கித்தான் ஓடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியாது. பக்கத்தில் ஓடும் மோட்டார் திசையைத் திருப்பிவிடும்.

பக்கத்து வீட்டுக் கிணறுகள்? துளை போடும் செலவே இல்லாத வழி, அங்கேதான் தொடங்க வேண்டும். ஆனால் மேல்நிலைத் தொட்டிக் குழாயில் பிடித்த தண்ணீர் வீண், தொட்டியிலேயே ஆவி போயிருக்கும். கிணற்றிலேயே எடுத்து, குமிழி இல்லாமல் கண்ணாடிக் குப்பியை நிரப்பி, ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். மண்டபத்திலும் பாம்பனிலும் மீன் ஐஸுக்குப் பஞ்சமில்லை. உருகும் தண்ணீர் குப்பிக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. ‘வாடையே இல்லையே’ என்பவரிடம் சொல்லுங்கள், பெட்ரோலில் இருக்கும் நச்சான பென்சீனுக்குக் குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மூக்குக்கு எட்டுவதற்கு வெகு முன்பே அந்த அளவு தாண்டியிருக்கும். முடிவு சுத்தமாக வந்தாலும் அந்தக் கிணறு தப்பியது என்றுதான் பொருள். மனை தப்பியதா என்பது வேறு.

மண்டபத்திலும் ராமேசுவரம் தீவிலும் மட்டும் என் தேர்வு தடுமாறும். அங்கே மணலுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையும் பவளக் கல்லும் தட்டுப்படும். ஆகர் நின்றுவிடும், எண்ணெயோ பொந்து பொந்தாகப் புகுந்து கணக்குத் தப்பிய இடத்தில் தலைகாட்டும். அங்கே காற்றும் தண்ணீரும் இல்லாமல் கல்லைத் துருவி எடுக்கும் ஆளைத் தேட வேண்டும், செலவு ஏறும், மூன்று கிணறும் போதாது. அந்தச் செலவை விலை பேசும்போதே கழித்துக் கேளுங்கள்.