வகுப்பு வாட்ஸ்அப் குழுவா, கூகுள் கிளாஸ்ரூமா?

வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகளின் வீட்டுக்கு அனுப்ப வகுப்பு வாட்ஸ்அப் குழு நல்லதா, ஆசிரியர்கள் பாடமும் வீட்டுப்பாடமும் கொடுக்கக் கூகுள் தரும் கிளாஸ்ரூம் செயலி நல்லதா? ஜூனில் பள்ளி திறந்ததுமே ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் நான் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, வாட்ஸ்அப் பக்கம் சாய்ந்துவிட்டேன். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒழுங்கு என்று பார்த்தால் கிளாஸ்ரூம்தான் மேல். பாடங்களைத் தலைப்புவாரியாக அடுக்கலாம், கடைசித் தேதி குறிக்கலாம், வேலையை யார் முடித்தார், யார் முடிக்கவில்லை என்று பெயரோடு காட்டும். வாட்ஸ்அப்பில் திங்கட்கிழமை போட்ட வீட்டுப்பாடத்தைத் தேடுவதற்குள் விரல் தேய்ந்துவிடும்.

ஆனால் அந்த ஒழுங்கெல்லாம் ஐடி, பாஸ்வேர்டு என்ற வாசலைத் தாண்டின பிறகுதான். எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலும் ஒரே போன். காலையில் அப்பாவோடு வேலைக்குப் போனால் இரவுதான் திரும்பும். பள்ளி தந்த ஐடியை அதில் ஏற்றி, அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று மாற்றி மாற்றித் திறக்க வேண்டும். பாஸ்வேர்டு மறந்தால் பள்ளியில் யாராவது உட்கார்ந்து மாற்றித்தர வேண்டும். அந்த யாராவது நான்தான். பெற்றோருக்கு நிலவரத்தைத் தினமும் அல்லது வாரம் ஒருமுறை மின்னஞ்சலில் அனுப்பும் வசதியும் கிளாஸ்ரூமில் இருக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் பல அப்பாக்களின் ஜிமெயில் போன் வாங்கிய கடையில் கடைப்பையன் திறந்து கொடுத்தது. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

வாட்ஸ்அப்புக்கு இந்தப் பராமரிப்பு எதுவும் வேண்டாம். எனக்கு அதில் பெரிய ஆயுதம் வாய்ஸ் மெசேஜ். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அம்மாவும் கேட்டுக்கொள்வார். ஒருநாள், "பத்து ரூவாயை நாலு பேருக்குச் சமமாப் பிரிக்கச் சொல்லுங்க" என்று பேசி அனுப்பினேன். ராத்திரி ஒரு அம்மாவிடமிருந்து பதில்: "டீச்சர், ஆளுக்கு ரெண்டு ரூவா குடுத்துட்டா. மீதி ரெண்டு ரூவாயை என்ன பண்றதுன்னு கேக்குறா." மறுநாள் பின்னம் அங்கிருந்தே தொடங்கியது. பிள்ளை எங்கே தடுக்கி நின்றாள் என்பதை, 'ஒப்படைக்கவில்லை' என்று காட்டும் பட்டியலிலிருந்து நான் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

குழுவிலும் தொல்லை உண்டு. அட்மின் மட்டுமே செய்தி போடலாம் என்று அமைக்காவிட்டால் காலை வணக்கப் படங்களில் வீட்டுப்பாடம் மூழ்கிவிடும். அமைத்தபின் பெற்றோர் எனக்குத் தனியாகப் பதில் அனுப்புகிறார்கள், அதுவே நல்லது. காணொளிகளை அனுப்பினால் போனில் இடம் அடைபடும். பாடநூலிலேயே க்யூஆர் கோடு இருப்பதால் பக்க எண்ணைச் சொல்லி விட்டுவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல், பிள்ளை கையிலேயே போன் இருக்கிற இடத்தில் கிளாஸ்ரூம் ஜெயிக்கலாம். அந்த வகுப்புகளுக்கு நான் எடுத்ததில்லை; எடுக்கிற தோழி அதைத்தான் சொல்கிறாள்.

வாட்ஸ்அப்பில் எனக்கு இன்னும் உறுத்துவது ஒன்று: குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். சில அம்மாக்களுக்கு அது பிடிக்கவில்லை, நியாயம்தான். அவர்களை மட்டும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் வைத்திருக்கிறேன்; ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. என் எண்ணை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும் என்பதால், பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது அங்கேயே சேமிக்கவைத்து அனுப்புகிறேன்.